முதல் கை

"உங்க அம்மா தனியாத்தானே கடை ஷட்டரை இறக்குறாங்க?"

போனில் அந்தக் குரல் அக்கறையாக விசாரிப்பது போலத்தான் கேட்டது. நகர்மன்றத்தின் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தவள் பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"யார் பேசுறீங்க?"

"உன் நல்லதுக்குப் பேசுறவன்னு வச்சுக்கோ. இன்னைக்கு ஏரி விஷயம் ஓட்டுக்கு வருதுல்ல? கை தூக்காம உட்கார்ந்திரு, போதும். மத்த உறுப்பினருங்க எல்லாம் நம்ம பக்கம் வந்தாச்சு. நீ ஒருத்தி தூக்கி என்னத்தைக் கிழிக்கப் போற?"

போன் வைக்கப்பட்டது.

அவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவள். நகர்மன்றத்தில் இளைஞர்களுக்கென்று போன வருடம்தான் ஓர் இடம் ஒதுக்கி, ஓட்டுப் போடும் உரிமையையும் கொடுத்திருந்தார்கள். அந்த நாற்காலிக்கு ஊரின் இளவட்டங்கள் எல்லாம் சேர்ந்து அவளைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தார்கள்.

ஊரே குடிக்கிற ஏரியில் கழிவுநீரை விட ஒரு ரசாயனத் தொழிற்சாலை அனுமதி கேட்டிருந்தது. சுத்தம் செய்துதான் விடுவோம் என்று வண்ணப் படமெல்லாம் போட்டுக் காட்டினார்கள். ஆலைக்குப் பின்னால் அவர்கள் சுத்தம் செய்து தேக்கி வைத்திருந்த லட்சணத்தை அவளும் நண்பர்களும் பாட்டிலில் பிடித்து வந்து சோதித்துப் பார்த்திருந்தார்கள். கால் கழுவக்கூட லாயக்கில்லாத தண்ணீர் அது.

கூட்ட அறைக்குள் நுழைந்தால் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. "வாங்க மேடம், இன்னைக்கும் காலேஜுக்குக் கட்டா?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் வம்புக்கிழுக்கும் மருந்துக்கடைக்காரர் குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பல் டாக்டரம்மா அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலைவரோ கண்ணெடுக்காமல் அவளை முறைத்தார்.

அந்தக் குரல் சொன்னது நிஜம்தான் போலிருக்கிறது. ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் விலை போய்விட்டார்கள்.

போனை மேஜைக்கு அடியில் ஒளித்து அம்மாவுக்கு அவசரமாகச் செய்தி அனுப்பினாள். 'கடையைச் சாத்திட்டு உடனே சித்தி வீட்டுக்குப் போம்மா.'

உடனே பதில் வந்தது. 'என்னடி விளையாடுறியா? இப்பதான் கடை வாசல் குழாய்ல தண்ணி வருது. பிடிக்காம விட்டா நாளைக்கு என்னத்தைக் குடிப்ப?'

அதைப் படித்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது யாருடைய போனோ கணகணவென்று அடித்தது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது. ஆளாளுக்குத் தங்கள் போனைத் தடவிப் பார்த்தார்கள். கூட்டத்தில் போன் அடித்தால் தாம்தூம் என்று குதிக்கிற தலைவர் இன்று வாயே திறக்கவில்லை. மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"ஓட்டுக்குப் போயிடலாம்" என்றார் தலைவர். குரல் கரகரத்தது. "அனுமதி கொடுக்கக் கூடாதுன்னு சொல்றவங்க மட்டும் கை தூக்குங்க."

இந்த மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. வயதில் இளையவர்தான் முதலில் கை தூக்க வேண்டும், அப்புறம் வயது வரிசையில் மற்றவர்கள். பெரியவர்களைப் பார்த்துச் சின்னவர்கள் தலையாட்டிவிடக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் வைத்த வழக்கம். வைத்த புண்ணியவான் இன்றைக்கு இவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

எல்லார் கண்களும் அவள் மேல் இருந்தன. தையல் மிஷினை மூடிவிட்டு, ஷட்டரை இழுக்கத் திண்டாடும் அம்மா கண்முன் வந்து நின்றாள். பின்னாலிருந்து யாரோ நடந்து வருவது போலவும் தோன்றியது.

உட்கார்ந்திருந்தால் போதும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் நாளைக்கும் அம்மா அந்தக் குழாயில்தானே பிடிக்கப் போகிறாள்?

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கை நடுங்கிக்கொண்டே மேலே போனது.

அப்புறம் எங்கோ ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ இருமினார்கள். இன்னொரு நாற்காலி நகர்ந்தது. எழுந்து என்னை நோக்கித்தான் வருகிறார்கள் என்று நடுநடுங்கிப் போய்க் கண்ணைத் திறந்தாள்.

மருந்துக்கடைக்காரரின் கை மேலே இருந்தது. பல் டாக்டரம்மாவின் கையும் இருந்தது. மேஜையைச் சுற்றி ஒரு கைகூடக் கீழே இல்லை. கடைசி ஆளான தலைவரும் தூக்கியிருந்தார். அவருடைய கை அவள் கையைவிட மோசமாக ஆடிக்கொண்டிருந்தது.

கூட்டம் கலைந்ததும் அவள் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள். அடக்கிவைத்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"சார், எனக்கு ஒரு மிரட்டல் போன் வந்துச்சு சார். அம்மாவை ஏதாவது செஞ்சிடுவாங்களோன்னு பயமா இருக்கு. நீங்க எல்லாருமே அவங்க பக்கம்னு வேற சொன்னாங்க. நான் நம்பிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

தலைவர் பேயறைந்தவர் போல அவளையே பார்த்தார். பக்கத்திலிருந்த மருந்துக்கடைக்காரர் பேனாவைக் கீழே போட்டார். பல் டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே தலைவர் மெதுவாகச் சொன்னார்.

"என்கிட்ட, நீதான் அவங்க ஆளுன்னு சொன்னாங்கம்மா!"