உட்காராதவள்

"மன்னிப்புக் கேட்டா இதோட போச்சு. இல்லேன்னா ஒரு வாரம் வீட்ல இருக்கட்டும்" என்றார் தலைமையாசிரியை.

பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது. ஒரு வாரம் போனால் போனதுதான்.

மகள் சுவரோரம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அறைந்த ஆணி மாதிரி நின்றாள்.

அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

பத்தாம் வகுப்பில் கணக்குத் தாள் கொடுக்கும் நாளில் ஒரு வழக்கம் உண்டு. குறைந்த மார்க்கிலிருந்து உரக்க வாசிப்பது. தேறாதவர்கள் எழுந்து நிற்க வேண்டும், மணி அடிக்கும் வரை.

முந்தாநாள் நாலு பேர் நின்றார்கள்.

கடைசியாக வாசித்தது மகளின் மார்க். நூற்றுக்கு நூறு. தாளை வாங்கியவள் தன் இடத்துக்குப் போனாள். உட்காரவில்லை.

"உக்காரு" என்று அதட்டியும் உட்காரவில்லை.

பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். பிறகு ஒரு பெஞ்சு. பிறகு மொத்த வகுப்பும். பெஞ்சுகள் இழுபட்ட சத்தம் மாடி வரைக்கும் கேட்டதாம்.

"மார்க் வாங்குற திமிரு. அம்மாவா நீங்க ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லுங்களேன்" என்றார் தலைமையாசிரியை.

என்னத்தைச் சொல்வது? கடையில் மீதிச் சில்லறை கேட்கவே கூசுகிற பெண் இது. விருந்தாளி வந்தால் அறைக்குள் போய் ஒளிந்துகொள்கிற பெண்.

முந்தாநாளிலிருந்து நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்ததைக் கோபம் என்றுதான் அம்மா நினைத்திருந்தாள். இப்போது மகளின் முகவாயைப் பார்த்தாள். நடுங்கியது. ஆனால் இறங்கவில்லை. பார்க்கப் பார்க்க அடைப்பு இளகி, கண்ணுக்கு ஏறியது. இவ்வளவு பெருமையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அந்த நாலு பேர்கிட்ட முதல்ல யாராவது மன்னிப்புக் கேக்கட்டும் மேடம். அப்புறம் நான் கேக்கறேன்" என்றாள் மகள்.

"பாத்தீங்களா வாயை!"

அம்மா எழுந்தாள்.

"நாலு பேரை நிக்க வெச்சதும் நான்தான், புகார் எழுதினதும் நான்தானே மேடம். கிழிச்சுடுங்க. அந்த நாலு பேர்கிட்ட நான் போய்க் கேக்கறேன்."

சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு பத்தாம் வகுப்பை நோக்கி நடந்தாள். பள்ளிக்கூடத்துக்குள் மகள் எப்போதும் டீச்சருக்கு இரண்டடி பின்னால்தான் வருவாள்.

"முன்னால போடி" என்றாள் அம்மா.