திரும்பிப் பார்க்காதவள்

“நாப்பது செக்கன் நடந்ததுக்கு விருதுன்னா, அந்தப் படத்துல வண்டி இழுத்த மாட்டுக்கும் ஒன்னு குடுங்க டீச்சர்.”

றோய் சொல்லிக்கொண்டே கியரை மாற்றினான். ஆட்டோ பூனாகலை ஏற்றத்தில் முனகியது. பின் இருக்கையில் நிமலனும் றொஷேல் டீச்சரும் இருந்தார்கள். நிமலனின் மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் கொழும்பிலிருந்து வந்த விருதுப் படிவம்.

சிறந்த துணை நடிகைக்கான பரிந்துரையில் ரெங்கம்மாவின் பெயர் ஏற வேண்டுமானால், படத்தில் அந்த நாற்பது விநாடிக் காட்சியில் நடித்தது தான்தான் என்று அவள் கையெழுத்திட வேண்டும். அதைப் படம் பிடித்து இன்று ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். தேயிலைக் கொழுந்து பறிக்கிற ஒருத்தியின் பெயர் அப்படியொரு பட்டியலில் வந்ததாக நிமலன் கேள்விப்பட்டதேயில்லை. நேற்றிரவு அவனுக்குத் தூக்கமும் வரவில்லை.

நூறு வருடத்துக்கு முந்திய தோட்ட வாழ்க்கையைச் சொல்லும் படம் அது. போன வருடம் இதே மலையில்தான் எடுத்தார்கள். நடிக்க நாற்பது பெண்களைத் திரட்டிக் கொடுத்தவன் நிமலன். படம் பண்டாரவளையில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து மூவருக்கும் வேறு பேச்சே இல்லை.

றோய், தோட்டத் துரையாக நடித்தவரின் கட்சி. கொழும்பு மேடை நடிகர். கண்ணை உருட்டாமல், குரலை உயர்த்தாமல், தொப்பியைச் சரிசெய்துகொண்டே ஆட்களை நடுங்கவைத்துவிட்டாராம். சிறந்த நடிகர் அவர்தான், அதில் பேச்சுக்கே இடமில்லை. துணை நடிகை என்றால் கங்காணியின் மனைவியாக வந்தவள். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து அவள் அழுதபோது தியேட்டரே மூக்கைச் சிந்தியதைத் தன் காதால் கேட்டதாக றோய் சொன்னான்.

“அழுறதுக்கு எல்லாருக்கும் வரும் றோய் அண்ணே,” என்றாள் றொஷேல். “அழாம போறதுக்கு யாருக்கு வரும்?”

ரெங்கம்மா வரும் காட்சியை அவள் நான்கு தடவை பார்த்திருந்தாள். விடிகாலைப் பெரட்டு. ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலைக்குப் பிரிக்கிறார்கள். பனிக்குள்ளிருந்து ஒருத்தி பிந்தி வருகிறாள். “பிந்தி வந்தா வேலை இல்லை. போ” என்கிறார் துரை. அவள் கெஞ்சவில்லை. வரிசையில் நிற்பவர்களை ஒரு தரம் பார்க்கிறாள். தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு வந்த வழியே நடக்கிறாள். கமரா அவளுடைய முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறது. வளைவில் மறைகிற வரைக்கும் அவள் திரும்பவேயில்லை.

“டைரக்டர் பேட்டியில சொல்லிருக்காரு,” என்றாள் றொஷேல். “காலப் புடிச்சிக் கெஞ்சுறதுக்கு ஒரு பக்கம் வசனம் எழுதி வச்சிருந்தாராம். அவங்க ஒரு சொல்லு பேசல. நான் எழுதுனத விட அது பெருசுன்னு அப்புடியே விட்டுட்டேன்னாரு. பெரிய நடிகைங்களுக்கே அது வராது. பின்னால கமரா இருக்குன்னு முதுகு காட்டிக் குடுத்துரும்.”

றோய் அடுத்த வளைவில் ஆட்டோவைத் திருப்பினான்.

“முதுகால நடிச்சிருக்கா மனுசி,” என்றான் பிறகு. “அத நான் இல்லன்னு சொல்லல.”

நிமலன் சிரித்துக்கொண்டான். அந்தக் காட்சி எடுத்தபோது அவன் பக்கத்தில் இல்லை. எண்பது பேருக்குச் சாப்பாடு இறக்கிக்கொண்டிருந்தான். பிந்தி வருகிறவளாக ரெங்கம்மாவைப் போடச் சொன்னது மட்டும்தான் அவன் வேலை. என்ன வேடம், என்ன வசனம் என்பதை அன்று காலையில் உதவி இயக்குநர் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடு. கைதட்டல் கேட்டு ஓடிவந்தபோது அவளைக் காணவில்லை. ஒரு பாராட்டுக்குக்கூட நிற்காமல் போய்விட்டாளே என்று எல்லாரும் வியந்தார்கள். அதற்குப் பிறகும் சந்தையில் இரண்டு தடவை அவனைக் கண்டதும் அவள் கூட்டத்துக்குள் ஒதுங்கிப் போனாள். பெரிய கலைஞர்களின் கூச்சம் என்று நிமலன் மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருந்தான்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் ஆட்டோ நின்றது. விறகு அடுக்கிக்கொண்டிருந்த ரெங்கம்மா நிமலனைக் கண்டதும் எழுந்து விறுவிறுவென்று உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு சேலை. படப்பிடிப்புக்கு முந்திய நாள் நாற்பது பேருக்கும் கொடுத்த அந்தக் காலத்துச் சேலை. துவைத்து மடித்து வைத்திருந்தாள்.

“அன்னைக்கே கொண்டாந்து குடுத்திருக்கணும் தம்பி. ஒங்க மொகத்துல முழிக்க வெக்கமா இருந்திச்சி.”

நிமலன் சேலையை வாங்காமல் படிவத்தை எடுத்தான்.

“சேலைய நீங்களே வச்சிக்கிங்கக்கா. ஒங்க நடிப்புக்குத்தான் விருது குடுக்கப் பாக்குறாங்க. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க.”

றொஷேல் படிவத்தை வரிவரியாக வாசித்துக் காட்டினாள். றோய்கூட இறங்கி வந்து, துரையாக நடித்தவரே இவரிடம் பாடம் படிக்க வேண்டும் என்றான்.

ரெங்கம்மா மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பேனாவைத் தொடவில்லை.

“கேலி பண்ணாதீங்க தம்பி. நான் எங்க நடிச்சேன்? அன்னைக்கி பஸ் வரல, மலையேறி ஓடியாந்தேன். அதுக்குள்ள பெரட்டு ஆரம்பிச்சிருச்சி. தொரை வேல இல்ல, போன்னுட்டாரு. வீட்டுக்கு வந்துட்டேன்.”