கையில் போன செருப்பு

ஸ்டெல்லா டீச்சர் நடுவெயிலில் தன் செருப்பிரண்டையும் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார். பத்தடி முன்னால், பார்வையில்லாத மாணவி மெஹருன்னிசா வெள்ளைக்கோலுடன் முதன்முறையாகத் தனியாகப் பஸ் ஸ்டாப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"தார் கொதிக்குது. நம்மளைப் போட்டுக்கிட்டா என்னவாம்?" என்றது இடது செருப்பு.

"நம்ம சத்தம் கேட்டா, டீச்சர் இருக்காங்கன்னு அவ கோலைக் கவனிக்க மாட்டா," என்றது வலது.

மெஹருன்னிசா தப்பான சந்தில் திரும்பினாள்.

"கூப்பிடுங்க டீச்சர்!" என்று இடது அலறியது.

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

கோல் சுவரில் முட்டியது. மெஹருன்னிசா நின்று, ஸ்டாப் பக்கத்து டீக்கடைச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதைத் தீட்டிக் கவனித்தாள். வந்த வழியே திரும்பினாள். ஸ்டாப்பை அடைந்து, "சந்தைப்பேட்டை போகுமா அண்ணே?" என்று விசாரித்துப் பஸ் ஏறினாள்.

டீச்சர் செருப்பைக் கீழே போட்டார். கொப்புளம் போட்ட பாதம் செருப்பின் மேல் பட்டது. எப்போதும் டப் டப்பென்று அடிக்கும் இடது செருப்பு, வீடுவரை மெத்தென்று நடந்தது.