பின்னாலிருந்து ஒரு குரல்

தெருச் சத்தம் உள்ளே வரக் கூடாதென்று வீட்டுக் கதவுகளையெல்லாம் தாழிட்டுவிட்டு, எலியாஸ் புது ஸ்பீக்கர்களில் ஒரு தெலுங்குப் படத்தை ஓடவிட்டார். காட்டுக்குள் ஒருவன் ‘பாவா, பாவா’ என்று தன் அக்காள் கணவனைத் தேடி அலைந்தான்.

“பாவா...”

“பாத்தியா கெசியா? குரல் நம்ம முதுகுக்குப் பின்னால வருது. புதுப் படம்னா இதான்.”

“படம் பளிச்சுனுதான் கீது. பேசறதுதான் ஒண்ணும் புரியல,” என்றாள் மனைவி. “பழைய படம் ஒண்ணு போடுங்க. அதுல நல்லா இல்லன்னா ஸ்பீக்கரைத் திருப்பிக் குடுத்துடலாம்.”

கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படம் ஒன்றைப் போட்டார். திரையெங்கும் கோடுகள் ஓடின. வசனம் மட்டும் கணீரென்று வந்தது.

“பாவா...”

“பழைய படத்துலயும் பின்னாலருந்து வருது பாரு,” என்று எலியாஸ் பூரித்தார்.

கெசியா டிவியை மியூட் செய்தாள். “தமிழ்ப் படத்துல எவன்ங்க பாவான்னு கூப்புடுவான்?”

“பாவா, கதவைத் தொறங்க.”

எலியாஸ் ஓடிப்போய்க் கொல்லைக் கதவைத் திறந்தார். ஸ்பீக்கர்களை மாட்டிவிட்டுக் கை கழுவப் போன கெசியாவின் தம்பி பென்சன் நின்றிருந்தான்.

“எவ்ளோ நேரமா கூப்புட்டுகினு கீறேன். கேக்கலியா பாவா?”

“கேட்டுது பென்சா,” என்றார் எலியாஸ். “துல்லியமா கேட்டுது.”