சாக்பீஸ் கோடு

விமான நிறுவனம் திவாலாகி ஐந்து மாதம் ஆன பிறகும், மெக்கானிக் லூர்துசாமி திங்கள்தோறும் அதன் ஒரே விமானத்தின் சக்கரங்களைத் திருப்பிவிடப் போனார். ஒரே இடத்தில் நின்றால் டயர் அடியில் சப்பையாகிவிடும். சப்பை டயர் விமானத்தை எவன் வாங்குவான்? அது விலைபோனால்தான் நின்றுபோன சம்பளம் வரும். ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒவ்வொரு சக்கரத்தையும் கால் சுற்று திருப்பி, தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுவார்.

கம்பி வேலிக்கு வெளியே மெஹருன்னிசா ஸ்கூட்டரில் வந்து நிற்பாள். பயணிகளுக்கான உப்புமா பொட்டலங்களைக் கடனுக்குக் கொடுத்துவந்தவள்.

"நிக்குதுல்ல அண்ணே?"

"நிக்குதும்மா."

அது போதும், கிளம்பிவிடுவாள்.

இந்தத் திங்கள் வந்தபோது, போன வாரம் தரையோடு போட்ட கோடுகள் டயரின் உச்சியில் இருந்தன. விமானம் இரண்டு முழம் முன்னால் நின்றது.

"அடமானம் புடிச்ச பேங்க்காரங்க நேத்து வந்து இழுத்துப் பாத்தாங்க சார்," என்றார் காவலாளி. "நாளைக்குக் கொண்டுபோறாங்க. அவங்க எடுத்தது போக யாருக்கும் ஒண்ணும் மிஞ்சாதாம்." கொஞ்சம் தயங்கினார். "இத்தனை மாசம் நின்ன வண்டி, தொட்டதும் உருளுதேன்னு அவங்களுக்கு ஒரே சந்தோஷம் சார்."

லூர்துசாமி கையிலிருந்த ஜாக்கியைக் கீழே வைத்தார். வேலிப்பக்கம் ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"நிக்குதுல்ல அண்ணே?"

"நிக்குதும்மா," என்றார். அவருடைய இரண்டு கைகளும் டயரை அழுத்திப் பிடித்திருந்தன.