வாய் திறக்காத கடைசி வரிசை

மூன்று வார விடுமுறை முடிந்து கல்லூரி கம்ப்யூட்டர் லேபைத் திறந்தால், கடைசி வரிசையில் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தன. சர்வரிலிருந்து கூப்பிட்டாலும் பதிலில்லை, கீபோர்டைத் தட்டினாலும் அசைவில்லை. எல்லாரும் லேப்பம்மா என்று அழைக்கும் டெக்னீஷியனுக்கு அலுத்துப்போனது.

துறைத் தலைவர் எட்டிப் பார்த்தார். "இன்னும் சரியாகலையா? நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். இதெல்லாம் ஓடலேன்னா வேலை நிரந்தரமாகும்ங்கிற ஆசையை விட்டுடுங்கம்மா!"

"உள்ள இருக்கிற எல்லாத்தையும் துடைச்சுட்டு சாஃப்ட்வேரைப் புதுசா ஏத்தினா எழுந்துக்கும் சார். ஆனா உள்ள யாராவது எதையாவது வச்சிருந்தா போயிடுமே. ஒரு வார்த்தை கேட்டுடலாமா?"

"யாரைக் கேக்கணும்? நான்தானே தலைவர்! துடைங்க!"

லேப்பம்மா பென்டிரைவைச் செருகிச் செருகித் துடைத்தாள். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டும் சமர்த்தாகப் பதில் சொல்லின. அப்பாடா என்று அவள் நிமிர்வதற்குள், பக்கத்தில் நின்ற தலைவரின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். பேசியது ஊருக்குப் போயிருந்த அவருடைய ஆராய்ச்சி உதவியாளர்.

"சார், லீவு முழுக்க ஓடவிட்ட உங்க ஆராய்ச்சிக் கணக்கு இன்னிக்கு முடிஞ்சிடும்!"

"சபாஷ்! எதுல ஓடுது?"

"நம்ம லேப்லதான் சார். கடைசி வரிசை பன்னிரண்டுலயும்."

தலைவர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை. லேப்பம்மா பென்டிரைவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"கவலையே படாதீங்க சார்" என்றது போன். "யாரும் கை வைக்கக் கூடாதுன்னு பூட்டு போட்டுட்டுத்தான் வந்தேன். சர்வரே கூப்பிட்டாலும் பதில் சொல்லாது!"