பூச்சி அரித்த பக்கம்

சீனியம்மாள் பர்ஸிலிருந்து எடுத்து நீட்டிய துண்டுப் படத்தைப் போலி என்று ஆவணக் காப்பக இயந்திரம் ஒரே நொடியில் சொல்லிவிட்டது. எனக்கும் அந்த அம்மாள் மேல் சந்தேகம்தான்.

சாத்தூர் நூலகத்திலிருந்த பழைய உள்ளூர்ப் பத்திரிகைகளை ஸ்கேன் செய்து, காகிதத்தை அழித்து ஆறு வருடமாகிறது. இப்போது திரையில் இருப்பதுதான் அசல். தீப்பெட்டித் தொழிலாளர் ஊர்வலப் படத்தில் கொடி பிடித்திருப்பவர் பெரிய மீசைக்காரர். துண்டில் இருப்பவருக்கு மீசையே இல்லை.

"எங்கப்பா சார். அன்னைக்கு போலீஸ் வேன்ல ஏத்துனாங்க, திரும்பி வரல. அவரு ஊர்வலத்துக்கே போகலன்னு எழுதி முடிச்சிட்டாங்க. எங்கம்மா லைப்ரரியில யாருக்கும் தெரியாம பிளேடால வெட்டிட்டு வந்தது இது."

பிளேடு என்றதும் நினைவு வந்தது. அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்தவனே நான்தான். நடுவில் நேர்கோடாக வெட்டிய சதுர ஓட்டை இருந்தது. வெட்டியது என்று குறித்தால் இயந்திரம் அந்த இடத்தைத் தொடாது. ஆனால் நான் விசாரணைப் படிவம் எழுத வேண்டும். பூச்சி அரித்தது என்றால் இயந்திரமே ஓட்டையை ஊகித்து வரைந்து நிரப்பிக்கொள்ளும். நான் பூச்சி என்று குறித்தேன்.

இப்போது திருத்தப் பார்த்தேன். திரை மறுத்தது. மீசைக்காரரைத் தங்கள் தாத்தா என்று இரண்டு குடும்பங்கள் ஏற்கெனவே பதிவு செய்திருந்தன.

சீனியம்மாள் திரையைப் பார்த்தார். பிறகு என்னையே பார்த்தார்.

"எங்கப்பா எடத்துல இந்த ஆள யாரு சார் வச்சது?"

போலியைத் திருப்பித் தரக்கூடாது என்பது விதி. துண்டை டிராயருக்குள் போட்டுப் பூட்டினேன்.

"மிஷினுதாம்மா" என்றேன்.